வாயில் கடிகாரத்தின் இரண்டு நிமிடம்

தாமதமாக வந்ததற்காகப் பேராச்சியின் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சில் கோடு இரண்டு விழுந்துவிட்டது. மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். தாராவிக் குழாயில் தண்ணீர் வருவதே ஐந்து மணிக்கு. இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு, மாஹிமுக்கு ஓடி ரயிலைப் பிடித்தாலும், ரேடியோ நிலைய வாசலை மிதிக்கையில் ஆறு மணி ஒரு நிமிடம்.

அடுத்த வாரத்திலிருந்து கோடு விழவில்லை. ஓட்டம் அதே ஓட்டந்தான். ஆனாலும் வாயில் கடிகாரம் ஆறுக்கு ஒரு நிமிடம் குறைவாகக் காட்டியது. அம்மன் கண் திறந்தாள் என்றே நினைத்தாள். ஒருநாள் உள்ளே கூட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள். அங்கிருந்த கடிகாரம் வாயிலைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகக் காட்டியது. அம்மனோடு இன்னொருவரும் இருக்கிறார் என்று புரிந்தது.

கடிகாரங்களெல்லாம் நாகூர் கனியின் பொறுப்பு. கடையநல்லூர்க்காரர், தாராவியில் பேராச்சியின் குழாயடியிலேயே குடியிருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பூட்டிய அறையில் ஒரு பெரிய கடிகாரம். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை கம்பியில் மின்சாரத்தைத் தட்டிவிடும். வாயிலிலும் பத்து அறைகளிலும் முட்கள் ஒன்றாக நகரும். ஒரே கம்பிதான், ஓரிடத்தில் அறுந்தால் பதினொன்றும் நின்றுவிடும். அப்போதெல்லாம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்குவார். யுத்த காலம், மாற்று ஆள் கிடையாது. முட்டி வீங்கி, தொழுகையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

அவர்தான் வாயில் கடிகாரத்தை மட்டும் ஒரு துண்டுக் கம்பியால் விலக்கி, நான்கு தட்டு, அதாவது இரண்டு நிமிடம், அதைத் தொடாமல் போகவிட்டவர். அதை நம்பி வருகிறவர்கள் கூட்டுகிறவர்களும் பியூன்களும்தானே என்று எண்ணியிருந்தார்.

ஆனி மழையில் வீணை வாசிக்க வந்த ராஜலக்ஷ்மி அதையே நம்பினாள். இரண்டு நிமிடம் இருக்கிறதே என்று வாயிலில் நின்று முந்தானையைப் பிழிந்தாள். உள்ளே ஒலிபரப்புத் தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஊர் முழுக்க ரேடியோவில் வெறும் மௌனம்.

அலுவலகத் தலைமைக் குமாஸ்தா வேங்கடசுப்ரமணியன் கனியைக் கூப்பிட்டார்.

"என்ன கனி, வயர் கோளாறுன்னு எழுதிடட்டுமா? தொரை நம்பிடுவான்."

"வேண்டாம் சாமி. நான்தான் ரெண்டு நிமிசம் பிடிச்சு வச்சேன்."

"எதுக்குய்யா? புத்தி கெட்டுப் போச்சா?"

"அதை மட்டும் கேக்காதீய."

துடைப்பத்தோடு வெளியே நின்ற பேராச்சி வாய் திறக்கப் போனாள். கனி கண்ணாலேயே அதட்டினார். அன்றே அவர் வேலை போயிற்று.

போகும்முன் ஏணியை வாயிலில் சாய்த்து, முள்ளை விரலால் நான்கு முறை தள்ளினார். இறங்க வெகுநேரம் பிடித்தது. பேராச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காவத்தான செஞ்சிய? நான் சொல்லிருதேன் பாய்."

"ரெண்டு அடுப்பும் அணையணுமாக்கும்? சும்மா கெட."

"நாளைக்கு நான் எப்படி வருவேன்?"

கனி ஏணியைச் சுவரோரம் சாத்தினார். மூச்சு வாங்கியது.

"ஒன் கொடத்தையும் சாயிரா பிடிச்சு வச்சிருவா. நீ முந்தின ரயிலுக்குப் போயிரு. எங்க வீட்டுப் பொம்பள பிடிச்ச தண்ணி ஒனக்கு ஆவுமோ, ஆவாதோன்னுதான் தங்கச்சி, இத்தன நாளும் கேக்காம இருந்துட்டேன்."