எள்ளளவு ஒரு பல்

தூரிகையின் நுனியை உதட்டில் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளும் மேடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். மண்ணில் புழங்கிய தூரிகை, கிருமி இருக்காதா என்று நான் ஒவ்வொரு முறையும் பதறுவேன். "அஞ்சு கோடி வருஷத்துக்கு முந்தின மண்ணு தாயி. இதுல இருந்த கிருமியெல்லாம் எப்பவோ கல்லாப் போயிருக்கும்" என்பார். அந்த ஈர நுனியால் நுண்ணோக்கிக்கு அடியில் மண் துகள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். மீன் முள் வரும், பாம்பின் முதுகெலும்பு வரும். அவர் தேடியது அவற்றை அல்ல. குரங்குக்கும் தேவாங்குக்கும் நமக்கும் மூதாதை வரிசையில் வரக்கூடிய, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிற்றுயிரின் பல்லை.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்தத் தேடலை விடவில்லை. குஜராத்தில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக மண் வரும். அதை ஊறவைத்து, சல்லடையில் கழுவி, மிஞ்சியதை வெயிலில் காயவைக்க வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அவருடைய தம்பிக்கு ஒரு பழைய தீப்பெட்டிக் கிடங்கு இருந்தது. அங்கே தண்ணீர் லாரியில்தான் வரும். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பட்டாசுக் கம்பெனி நடத்தும் தம்பி அவ்வப்போது எட்டிப் பார்த்துக் கேலி செய்வார். "நாங்க மருந்தைச் சலிக்கோம், எங்க அக்கா மண்ணைச் சலிக்காக. சொந்தக்காரன் யாராச்சும் ஆப்புட்டானா அக்கா?" மேடம் நிமிராமலே, "உன் சாடையில ஒருத்தன் வந்தா சொல்லி அனுப்புறேன்" என்பார்.

நான் நிலவியல் படித்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தவழும் வயதில் மகள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், கிடங்கிலேயே சேலையில் தொட்டில் கட்டிக் கொடுத்தவர் மேடம்தான். இந்தத் தூசியில் குழந்தையை வைத்திருக்கலாமா, வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே மறுநாளும் தூக்கிக்கொண்டு வருவேன். மண் கழுவ ஓர் அக்கா இருந்தார். அதற்கு முன் பல வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவர்.

ஒரு மதியம் மேடம் என்னை அவசரமாக அழைத்தார். எள்ளளவு ஒரு பல். பாதி மண்கட்டிக்குள் புதைந்திருந்தது. வெளியே தெரிந்த பக்கத்தில் தாழ்ந்து உருண்ட முகடுகள். "இது எலி இல்ல தாயி" என்றார். பல் இருந்த மண் தட்டை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து மேசை விரிப்பின் மேல் வைத்துவிட்டு, பல்லை எடுத்து வைக்கச் சிமிழ் தேடப் போனார். அதற்குள் தவழ்ந்து வந்த என் மகள் விரிப்பைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கருந்துகள்கள் குழந்தையின் தலையில் கொட்டின. நான் அசைவதற்குள் அக்கா ஒரு கையால் குழந்தையைத் தூக்கி என்னிடம் திணித்தார். மறு கையால் வாளித் தண்ணீரைத் தரையில் வீசினார். விளக்குமாற்றால் தள்ளியதில் எல்லாம் வாசலைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டது.

"அய்யோ, என்னக்கா பண்ணிட்டீக!" என்று அலறினேன்.

அக்கா அப்போதுதான் நின்றார்.  "கறுப்பா தூள் கொட்டவும் கையி தானா ஓடிருச்சு. கம்பெனில மருந்து சிந்துனா உடனே தண்ணி ஊத்தித் தள்ளிப் பழகுன பழக்கம் மேடம்…"

மேடம் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டுத் துழாவினேன், மண்தான் வந்தது.  ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எள்ளளவு என்றால் தானாக வெளியே வந்துவிடும் என்று டாக்டர் சிரித்தார். கல்லாகிப்போன பல் குடலைக் கிழிக்காதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியே வந்ததும் மேடம், "அவ துணியை அலசாமக் கொண்டா. நம்மகிட்டதான் சல்லடை இருக்கே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் சொன்னபடியே செய்தார். துணிகளில் எதுவும் அகப்படவில்லை. அக்காவும் அவரும் முற்றத்து மண்ணை விரற்கடை ஆழத்துக்கு வழித்தெடுத்துக் கழுவிக் காயவைத்தார்கள். அதில்தான் பல் கிடைத்தது. ஆனால் பாதிப் பல். மண்கட்டி கரைந்துபோய், உடைந்த பக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. மிச்சப் பாதி என் மகளின் வயிற்றில் இருக்கிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

மேடம் நெடுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். பாதிப் பல்லை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது பார்த்த கணத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். தன் கட்டுரையில் கடைசியில், அந்த மூதாதையின் பல்லாக 'இருக்கலாம்' என்றுதான் எழுதினார். அதற்குப் பிறகு அந்த மண்ணில் அவருக்கு வேறு பல் கிடைக்கவில்லை. இப்போது கண் ஒத்துழைப்பதில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். என் மகள் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு லேசாகச் சூடு கண்டாலும் நான் எங்கே தவறினேன் என்றுதான் இன்னும் முதலில் யோசிக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அன்றைய மேடம் வேண்டியிருக்கிறது.

அன்று தலையை நிமிர்த்தியதும் அவர் சொன்னது தன் ஏமாற்றத்தை அல்ல. "உடைஞ்ச இடத்தைப் பாரு. பழுப்பேறி, ஓரம் மழுங்கிப் போயிருக்கு. இப்ப உடைஞ்சிருந்தா வெளுப்பா இருக்கும். மண்ணுக்குள்ள போகும்போதே இது இப்படித்தான் இருந்திருக்கு. உன் மக வயித்துல ஒண்ணுமில்ல." பிறகு அக்காவிடம், "நீ ஊத்துன தண்ணிதான் கழுவிக் குடுத்திருக்கு. அழாத" என்றார்.

எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான் பார்த்தேன். சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வருகிறவரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதுவரை, அந்தப் பல்லைத் தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவேயில்லை.