ஆறு மணிக்கு ஆஜர்

ஏகாம்பரம் சார் இறந்த செய்தி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பின் நடுவே வந்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, திருவண்ணாமலையிலிருந்து போன் வந்திருக்கிறது, ஒரு அம்மா, பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்றார். யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் மகேஸ்வரி அக்கா.

"தம்பி, ஏகாம்பரம் சேர் காலமை மோசம் போயிட்டார். நெஞ்சுவலியாம். நாளைக்குத்தான் எடுக்கினம். வெளியில போறதுக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். கையெழுத்து வந்தா நானும் வருவன்."

பல ஆண்டுகள் அந்தக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர் ஏகாம்பரம் சார்தான்.

இதைப் படிப்பவர்களில் சிலர் தாலுகா அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவர் முகாமைக் கவனித்த வருவாய் ஆய்வாளர். பதிவேட்டில் பொய் எழுதி சஸ்பெண்ட் ஆனவர். முகாமில் கேட்டால் வேறொரு மனிதரைச் சொல்வார்கள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க என்னால் இன்னும் முடியவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தேன். அகதிகள் பிரிவில் தற்காலிகத் தட்டச்சர் வேலை கிடைத்தது. முகாம் கீழ்பென்னாத்தூர் சாலையில். முன்பு நிலக்கடலை மூட்டைகளை அடுக்கிய கிடங்கு அது. சாக்கும் புடவையும் கட்டி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். மாதம் இருமுறை அங்கே ஆஜர் எடுக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். ஆளைப் பார்த்து, பெயருக்கு நேரே டிக் போட வேண்டும்.

வெயிலில் வரிசையாக நிறுத்தி எண்ணுவதுதான் வழக்கம். ஏகாம்பரம் சார் அறை அறையாகப் போவார். புடவைத் திரைக்கு வெளியே நின்று இருமுவார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"போன தரம் எண்ணின அதே ஆக்கள்தான் சேர். கூடினா நாங்களே சொல்லுவம்" என்பார் உள்ளேயிருந்து மகேஸ்வரி அக்கா.

"ஜாஸ்தியானா கவலை இல்லம்மா. ஒரு வரி எழுதினா போதும். கம்மியானாதான் எனக்குப் பத்து பக்கம்."

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இன்னாங்க எம்.ஏ." என்பார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று கணிக்க முயன்று விட்டுவிட்டேன்.

முதல் படகுகள் வந்த காலத்தில் அவரை இராமேசுவரம் பக்கத்துக் கரைக்குச் சில மாதங்கள் அனுப்பியிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி வருபவர்களின் பெயரை எழுதும் வேலை. வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு எழுதுவாராம். மேலதிகாரி திட்டினாராம். முதலில் எழுது, தண்ணீர் குடிக்க விட்டால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள், எல்லாரும் ஒரே கதையைச் சொல்வார்கள் என்று.

"நீங்க என்ன செஞ்சீங்க சார்?" என்று கேட்டேன்.

"அன்னைலருந்து எழுதிட்டுத்தான் தண்ணி குடுத்தேன்" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

மகேஸ்வரி அக்கா அந்தக் கரையில்தான் இறங்கினார். மகன் சுதனுக்கு அப்போது பதினாறு வயது. "மூண்டு பேர் மூண்டு தரம் அதே கேள்வியைக் கேட்டவை. மூண்டாம் தரம் எனக்கே என்ரை பேரில சந்தேகம் வந்திட்டுது" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கே தன் பெயரை எழுதியது ஏகாம்பரம் சாரா என்று அவருக்கு நினைவில்லை. சாருக்கும் நினைவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஏகாம்பரம் சார் வேறு பணியில் மூன்று நாள் வெளியே இருந்தார். ஆஜர் தேதியைக் குறிக்கும்படி தாசில்தார் என்னிடம் சொன்னார். "கிரிவலக் கூட்டம் இல்லாத நாளா பாத்துப் போடுப்பா." காலண்டரைப் பார்த்தேன். பௌர்ணமி வட்டம் சனிக்கிழமையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்று தட்டச்சு செய்தேன். கோயிலுக்குப் போகாதவன் என்பதில் எனக்குச் சிறிய கர்வம் இருந்தது. இந்த ஊரில் பிறந்த ஒருவன் செய்யக்கூடாத தவறு அது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சாரின் வண்டியில் முகாமுக்குப் போனோம். எதிரே வேன் வேனாகக் கூட்டம். முகாமில் இறங்கியதும் கேட்டார்.

"இன்னாங்க எம்.ஏ., பௌர்ணமி என்னைக்கு?"

"நாளைக்கு சார்."

"வட்டம் போட்டது நாளைக்கு. திதி இன்னைக்கு ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சுடுச்சு. ஜனங்க சுத்த ஆரம்பிச்சிருப்பாங்க. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். செங்கம் ரோட்ல வேலைக்குப் போனவன் எவனாவது இருக்கானா பாருங்க."

ஒருவன் இருந்தான். சுதன். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதிக்கு பெயிண்ட் அடிக்கப் போயிருந்தான்.

ஆறு மணி. மகேஸ்வரி அக்கா திரைக்கு வெளியே நின்றார். "வந்துகொண்டு நிக்கிறான் சேர். சனத்துக்குள்ள மாட்டுப்பட்டிட்டான். பஸ் இல்லையெண்டு நடந்து வாறான்."

சார் என்னைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். சுதன் பெயருக்கு நேரே டிக் போட்டார்.

ஒருமுறை ஆஜர் இல்லையென்றால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ போகும். அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியும். பிறகு ஏன் போட்டார்? அந்த அம்மா பயப்படக்கூடாது என்றா? என் தவறுக்கு ஒருவன் பதில் எழுத வேண்டாம் என்றா? பத்து பக்கம் எழுத அலுப்பா? பக்கத்தில் நின்றவன் நான். எனக்குத் தெரியவில்லை.

அதே ஆறு மணிக்கு, செங்கம் சாலைத் தடுப்பில் காவலர்கள் சுதனை நிறுத்தியிருக்கிறார்கள். பேச்சு வேறு. கையில் பெயிண்ட் டப்பா. முகாம் என்றால் அப்போது எல்லாக் கண்களும் கூர்மையாகும் காலம். நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். முகாமில் ஆஜர் எடுக்கிறார்கள், போக வேண்டும் என்று அவன் கெஞ்சியிருக்கிறான். மறுநாள் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். ஆறு மணிக்கு சுதன் முகாமில் இருந்தான் என்றது பதிவேடு.

விசாரணை நடந்த அறைக்கு வெளியே நான் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசியது கேட்டது.

"ஆறு மணிக்கு அங்க ஒரு சுதன் இருந்திருக்கான். ரோட்ல ஒரு சுதன் இருந்திருக்கான். நீ எவன்டா?"

"நான்தான் சேர் சுதன். அண்டைக்கு நான் முகாமில இல்லை."

"அப்ப அங்க நின்னது எவன்?"

உண்மையைத்தான் சொன்னான். அந்த உண்மை அவனை ஆள்மாறாட்டக்காரன் ஆக்கியது. வேறொரு மாவட்டத்தில் இருந்த சிறப்பு முகாமுக்கு வேனில் கொண்டுபோனார்கள். சிறப்பு முகாம் என்பது பெயர். சுவர் உண்டு. கம்பி உண்டு. வழக்கு இல்லை. எப்போது விடுவார்கள் என்பதற்கு ஒரு தேதியும் இல்லை.

பார்க்காமல் டிக் போட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் முடிச்சு அவிழலாம். அந்த ஒருவர் நாற்பது நாள் எழுதவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மகேஸ்வரி அக்கா திங்கட்கிழமைதோறும் அலுவலகத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். சார் பதிவறையின் பின்கதவு வழியாக வெளியே போவார். நான் என் மேசையில் குனிந்து தட்டச்சு செய்வேன்.

"போடாம இருந்திருந்தா ஒரு மெமோ. போட்டதால ஒரு ஆளு உள்ள" என்றார் ஒருநாள், டீக்கடையில், என்னைப் பார்க்காமல்.

நாற்பத்தோராம் நாள் என்னைக் கூப்பிட்டு, கடிதம் ஒன்று தயார் செய்யச் சொன்னார். செய்தேன். வாசித்தார்.

"'கவனக்குறைவால் பதிவு நேர்ந்துவிட்டது.' நேர்ந்துடுச்சா? மழையா பேஞ்சுது? நான் போட்டேன்னு எழுதுங்க."

அடுத்த பத்தியில், ஆஜர் தேதியைப் பிழையாகக் குறித்தது நான் என்று எழுதியிருந்தேன். அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"இது வேணாம்."

"உண்மைதானே சார்."

"உண்மைதான். நீங்க டெம்ப்ரவரி. நாளைக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவான். அந்தப் புள்ளைக்கு அதனால இன்னா வரப்போவுது?"

அந்தப் பத்தி இல்லாமல் மறுபடி தட்டச்சு செய்தேன். விரல்கள் வேகமாக ஓடின. அந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது.

கடிதம் போனது. அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். சுதனை விடவில்லை. பதிவேட்டில் பொய் எழுதியதாகத் தாமே ஒப்புக்கொள்ளும் ஒருவரின் சொல்லை எப்படி ஏற்பது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான். மூன்று முறை படித்தேன். அதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து சுதன் வந்தான். விடுவிப்பு உத்தரவில் காரணம் ஏதும் இல்லை. கடிதத்தைப் பற்றியும் இல்லை. கடிதத்தால் வந்தானா, கடிதத்தால் தாமதமானானா, இரண்டும் இல்லையா, யாரும் சொல்லவில்லை. சாரைப் பிறகு பதிவறையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். அவரைப் போய்ப் பார்க்க நினைத்த நாட்கள் உண்டு. போகவில்லை.

இறுதிச் சடங்குக்கு மகேஸ்வரி அக்கா வந்திருந்தார். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. சுதன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பொய்" என்றார். "நடந்து வாறான் எண்டனே, அவன் எங்க நிண்டவன் எண்டே எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். அவர் அதை நம்பித்தானே போட்டவர்?"

அந்தத் தேதியைக் குறித்தது நான் என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல்முறை.

திட்டுவார் என்று நினைத்தேன். மன்னிப்பார் என்றும் நினைத்தேன்.

"உள்ள இருந்த பதினாலு மாசமும் அவன் என்னை ஒரு கேள்விதான் கேட்டவன்" என்றார். "அம்மா, அண்டைக்கு ஏன் எனக்கு டிக் போட்டவை எண்டு. எனக்குத் தெரியேல்ல. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியலக்கா."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்தேன். ஒரு பெயருக்குப் பதில் இல்லை. "சார், அவ வழியில வந்துட்டிருக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எனக்கு இது எப்போதும் நடப்பதுதான். பேனா நின்றுவிடும். போடுவது இரக்கமா, போடாமல் விடுவது இரக்கமா என்று தெரியாது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். இப்படி விடக்கூடாது என்று துறைத்தலைவர் இருமுறை கண்டித்திருக்கிறார்.

ஏகாம்பரம் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டம்தான். அன்றும் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாடத்தைத் தொடங்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.