என் கை அளவுக்கு வெட்டிய ஓட்டை

நான் ஐந்தாவது படித்த வருஷம் எங்கள் வீட்டுக் கட்டில் வாசலுக்குப் போய், அது இருந்த இடத்தில் ஒரு போர்க்கப்பல் வந்து படுத்துக்கொண்டது. ஆறடிக்கு நாலு விரல்தான் குறைவு. எங்களுடையது ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை. கப்பலைச் சுற்றிப் பாய் போட்டுத்தான் மூன்று பேரும் படுத்தோம். "கப்பலு ஊட்டுக்குள்ள, கட்டிலு வாசல்ல. நல்லாக்கீதுயா நியாயம்" என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

கட்டியவர் நைனா. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்டில் ஃபிட்டராக இருந்தார். ஒரு தடவை சென்னைத் துறைமுகத்தில் போர்க்கப்பலைச் சுற்றிப் பார்க்க ஜனங்களை விட்டபோது நைனாவும் போனார். மற்றவர்கள் கப்பல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவர் கப்பலை மட்டும் எடுத்து வந்தார், போன் நிரம்பும் அளவுக்கு. நூறில் ஒரு பங்காக அதைக் கட்டி ரிமோட்டில் ஓட்டப்போகிறேன் என்றதும் அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. ஒன்றரை வருஷம் கட்டினார். பிளைவுட்டில் விலா எலும்புகள் மாதிரி சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய பட்டைகள், அதற்கு மேல் ஃபைபர், பிறகு கார்களுக்குப் பூசும் பட்டி. கைப்பிடிக் கம்பியெல்லாம் பழைய குடைகளிலிருந்து வந்தது. பீரங்கிக் குழாய்கள் தீர்ந்துபோன பேனாக்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் உப்புத்தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பேன்.

கப்பலுக்குள்ளே பேட்டரி, ஓட்டும் மோட்டார், பின்னால் சுக்கானைத் திருப்ப இன்னொரு சின்ன மோட்டார். அவற்றின் ஒயர்களைச் சொருக மேல்தளத்தில் ஓர் ஓட்டை வேண்டும். பெரிதாக வெட்டினால் தண்ணீர் புகும், பார்க்கவும் அசிங்கம். அதனால் நைனா என் விரல்களைக் குவித்துத் தளத்தின் மேல் வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்த அளவுக்கு வெட்டினார். பின்பக்கப் பீரங்கியை எடுத்து மேலே வைத்தால் ஓட்டை இருப்பதே தெரியாது. அவர் கை அதில் விரல் கணுவோடு நின்றுவிடும். ஒயரைச் சொருகுவதும் பிடுங்குவதும் நான்தான். எனக்கு அதில் வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. "தண்ணில எறக்குற அன்னிக்கி ரிமோட்டு மொதல்ல ஒங் கையிலதான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் கம்பெனியில் அச்சும் கருவிகளும் செய்கிற டூல் ரூமில் ஓர் ஆளைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கைவேலை சுத்தமாகச் செய்கிற ஆள் வேண்டுமாம். யாரோ மேனேஜரிடம் கப்பலைப் பற்றிச் சொல்ல, அவர் "ஓடட்டும், வந்து பார்க்கிறேன்" என்றிருக்கிறார். அம்மா அன்றைக்கே திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். அப்புறம் கட்டிலைப் பற்றி அவள் பேசவே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். சின்னப் பெண், விவரம் தெரியாது என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் தெரியும்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர் ஏரி. மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. நைனா கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நாலு பேர் கப்பலைத் தூக்கி வந்தார்கள், பிணம் போகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். லாரிக்குக் கட்டுவது போல மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டிக் கற்பூரம் காட்டினாள் அம்மா. என் வகுப்பிலிருந்து மூன்று பெண்கள் கரையில் எனக்காகவே வந்து நின்றார்கள். மேனேஜர் தொந்தியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காரிலிருந்து இறங்கினார்.

நான் பேட்டரி ஒயரைச் சொருகினேன். நைனா ரிமோட்டைத் திருகிக் காட்டினார். சுக்கான் இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையை நீட்டினேன். நைனா ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து மேனேஜரிடம் நீட்டினார்.

"சாரு ஒரு ரவுண்டு ஓட்டட்டும் கண்ணு. அப்பறம் சாங்காலம் வரிக்கும் நீதான்" என்று என் காதில் சொன்னார். அந்த ஒரு ரவுண்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னாடி, நீதான் ஓட்டுவேன்னு பீத்திக்கினு இருந்த?" என்றாள். மற்ற இரண்டும் கிளுக்கென்று சிரித்தன.

"பாப்பா, மூடிடும்மா" என்றார் நைனா. நான் குனிந்தேன். ஓட்டைக்குள் கையை விட்டேன். சுக்கான் ஒயரைப் பிடுங்கினேன். பீரங்கியை மேலே வைத்து டேப் ஒட்டினேன். அந்தத் தொந்திக்காரர் கப்பலைத் திருப்பத் தெரியாமல் முழிக்கட்டும், அப்புறம் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்பதுதான் என் கணக்கு.

நாலு பேரும் தண்ணீரில் இறக்கிவிட, கப்பல் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக எதுவும் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது. நேராகவே போனது. ஏரியின் நடுவில் கருவேல மரங்களின் கட்டைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. மேனேஜர் பதறிப்போய் ரிமோட்டை இப்படியும் அப்படியும் முறுக்கினார், அதில் வேகம்தான் கூடியது. நைனா பிடுங்கியிருந்தால் அந்த நொடியே நிறுத்தியிருப்பார். ஆனால் மேனேஜர் கையிலிருப்பதை எப்படிப் பிடுங்குவது? "சார்... சார்... வுட்டுடுங்க சார்" என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

கட்டையில் மோதிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது. கப்பல் மெதுவாகச் சாய்ந்தது. யாராவது சும்மா உட்கார்ந்திருந்தாலே கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் நிஜமாகவே கவிழ்ந்தது. நைனா வெள்ளைச் சட்டையோடு மார்பளவு தண்ணீரில் இறங்கிப் போனார். கரையில் சிரித்தார்கள். என் தோழிகள் சிரித்தார்கள். ஐயோ, நானும் சிரித்தேன்.

இழுத்து வந்து கரையில் போட்டார். பீரங்கியைத் தூக்கிவிட்டு, போன் வெளிச்சத்தை அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, என் பக்கம் திரும்பாமல் மேனேஜரிடம், "எம் மிஸ்டேக்குதான் சார். ஒயர சரியா சொருவாம வுட்டுட்டேன்" என்றார்.

"பார்க்க நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா கவனம் பத்தலையே. டூல் ரூம்ல கவனம்தானே வேலையே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் காரில் ஏறிப் போனார். அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தார். நைனா அப்புறமும் பல வருஷம் காண்ட்ராக்டிலேயே இருந்தார். கம்பெனியில் அவருக்குப் பேரே கப்பல் என்றாகிவிட்டது.

நானோ மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றேன். நைனா ஒரு மறதிக்காரர், நல்லவேளை, என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா கப்பலைத் திருப்பிப் போட்டுக் கிழிசலை ஒட்டினார். ஒட்டிக் காய்ந்ததும் நிமிர்த்தி வைத்து, என் கை அளவுக்கு வெட்டிய ஓட்டையை அரத்தால் அகலமாக்க ஆரம்பித்தார். கொஞ்சம் அராவுவார், தன் கையை விட்டுப் பார்ப்பார், மறுபடி அராவுவார். ஓட்டை பீரங்கியைத் தாண்டி வெளியே தெரிய ஆரம்பித்தது.

"இன்னா நைனா, அசிங்கமாக்கீதே" என்றேன்.

"கெடக்கட்டும் கண்ணு. எல்லாத்துக்கும் ஒன்ன கூப்ட்டு பேஜார் பண்ண வேணாம்னுதான்" என்றார். கோபமே இல்லை. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

எல்லோர் முன்னாலும் சுக்கானைத் திருப்பிக் காட்டியவர், தன் கையே நுழையாத ஓட்டைக்குள் ஒயரைச் சரியாகச் சொருகாமல் விட்டது எப்படி என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இனிமேல் குனிந்து குனிந்து ஒயர் மாட்டும் வேலை இல்லை, அப்பாடா என்று தெருவுக்கு விளையாட ஓடிவிட்டேன்.