மின்சார உபயம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சினிமா. எனக்குக் கரண்டை மிச்சம் பிடிப்பது. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் எங்களுக்குச் சொந்தமாகச் சின்ன வீடு. குமாஸ்தா வேலை முடிந்து வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றும் முன்பே மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன். உள்ளே இருக்கும் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் போதும், "எந்த ரூம்ல லைட்டு எரியுது?" என்று வாசலிலிருந்தே கத்துவேன்.

வீட்டிலிருந்த அறுபது வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு இருபத்தைந்து வாட் மாட்டினேன். கண்ணே தெரியவில்லை என்றாள் மனைவி. சுவர் வெள்ளையாக இருந்தால் சின்ன பல்பும் பளிச்சென்று தெரியும் என்று எங்கோ படித்த ஞாபகம். நானே சுண்ணாம்பு கரைத்து அடித்தேன். பசை சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்தவர்கள் எல்லாரும் முதுகில் வெள்ளையோடு எழுந்து போனார்கள். அடுத்து இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். பேண்டைத் தண்ணீர் தெளித்து மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து மேலே படுத்துக்கொண்டேன். நானோ புரண்டு புரண்டு படுக்கிற ஆள். பேண்டில் விழுந்திருந்த கோடுகளைப் பார்த்து, இதில் எது நிஜமான கோடு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி பின்னறையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அளவு கொடுக்கப் பெண்கள் வருவதால் தையல் மெஷினைக் கூடத்தில் போட முடியாது. பின்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதுரை வெயிலில் அந்த அறைக்குள் போய்வந்தால் குளித்துவிட்டு வந்தது போலிருக்கும். வீட்டிலிருந்த ஒரே சீலிங் ஃபேன் கூடத்தில் ஓடியது. அதற்குக் கீழே என் நாற்காலி.

"துணியில வேர்வை சொட்டுதுங்க. நேத்து ஒரு பட்டு ரவிக்கை கறையாகிப்போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா யாரும் தைக்கக் குடுக்க மாட்டாக. அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க" என்றாள்.

அவள் கேட்பது முதல் தடவை அல்ல. நான் ஃபேன் வாங்கவில்லை, தென்னங்கிடுகு வாங்கினேன். கூரைமேல் பரப்பினால் சூடு இறங்காது என்பது என் கணக்கு. சூடு எப்போதும்போல இறங்கியது, கூடவே எலிகளும் இறங்கின. அவள் மறுபடி கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டேன். அடுத்த பில் இந்தப் பில்லைவிடக் குறைந்து வந்தால் மறுநாளே ஃபேன்.

அந்த நிபந்தனையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் பேப்பர் படிக்கும் இடத்திலிருந்த பல்பு காணாமல் போனது. ரேடியோவைத் துணி போட்டு மூடி, "நியூசை டீக்கடையில கேட்டுக்கங்க" என்றுவிட்டாள். என் சட்டத்தை என்மேலேயே போட்டு நடத்தினாள். சக்கரம் நகர்ந்த வேகத்தைப் பார்த்து, மீட்டர் ரிப்பேரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பில் குறையப்போவது நிச்சயம்.

அப்போதுதான் தெரு மாரியம்மன் கோயில் பொங்கல் வந்தது. விழாவுக்கு யாராவது ஒரு வீட்டிலிருந்து கரண்டு இழுப்பார்கள். அந்த மரியாதை வருடா வருடம் அரிசிக் கடைக்காரருக்குத்தான் போகும். அந்த வருடம் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

"அண்ணே, மைக் செட்டு, டியூப் லைட்டு அம்புட்டுக்கும் உங்க வீட்டுல இருந்து லைன் எடுத்துக்கிறோம். மின்சார உபயம்னு உங்க பேரை மைக்குல சொல்லிருவோம்" என்றார்கள் தெருவின் இளவட்டங்கள்.

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "எத்தனை தடவைப்பா சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"மூச்சுக்கு மூச்சு சொல்லுவோம்ணே."

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னறை வாசலில் மனைவி நிற்கிறாள். விருட்டென்று உள்ளே போனாள். தையல் மெஷின் தடதடவென்று ஓடியது.

விழா முடியும்வரை நான் தரையில் நடக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இங்குமங்கும் போய்வந்தேன். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைச் சரியாக எங்கள் பின்னறை ஜன்னலுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். உள்ளே அவள் வியர்வையைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருக்க, வெளியே என் பெயர் முழங்கியது. மீட்டர் பெட்டி கண்ணில் படாமலிருக்க அதன்மேல் என் துண்டைப் போட்டுவிட்டேன்.

பில் வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு பில் வந்ததே இல்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கூடிப்போச்சே! அடுத்த வருசம் பார்ப்போம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட பக்குவம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை கூடத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தேன். கொக்கி மட்டும் தொங்கியது. பின்னறையிலிருந்து என் ஃபேனின் கடகட சத்தம். விழாவுக்கு விளக்குக் கட்டிய ஒயர்மேனையே கூப்பிட்டு மாட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அதே ஃபேன்தாங்க. இடந்தான் மாறியிருக்கு. ஒரு யூனிட்டுகூட ஏறாது" என்றாள், தைப்பதை நிறுத்தாமல். அவள் நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அந்த அறையில் அவள் முகத்தை வியர்வை இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

ஃபேன் இல்லாத கூடத்தின் புழுக்கத்தை வாரம் முடியும்வரைகூட என்னால் தாங்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து நேரே கடைக்குப் போய், பேரம்கூடப் பேசாமல் ஒரு புது ஃபேனை வாங்கி ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தேன். கூடத்தில் மாட்டி, அதற்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த மனைவி மேலே பார்த்தாள்.

"பில்லு கூடுமேங்க?"

"கூடட்டும்" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

அவள் காபியை நீட்டவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இந்த வார்த்தை இம்புட்டு நாளா எங்கங்க இருந்துச்சு?"