ஒற்றைக்கால் ஷூவும் என் ஜோடி விதியும்

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இரண்டு வேலை: கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது, எழுதிக்கொண்டே அந்த மொழியைக் குறை சொல்வது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் உட்கார்ந்து நான் இரண்டையும் செய்கிறேன். இதே வியாதி பிடித்த சக நோயாளிகளே, உங்களுக்குத் தெரியாததா?

இரண்டும் இடது

எங்கள் கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி ஆப்ஜெக்ட். இடது ஷூ ஒன்று, வலது ஷூ ஒன்று. இரண்டும் பிரியக்கூடாது என்று அதற்குச் சொல்லி வைக்க வழியில்லை. ஒருநாள் இரண்டு இடது ஷூ இருந்த பெட்டிக்கு என் புரோகிராம் 'அனுப்பலாம்' என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டது. பேக்கிங் சூப்பர்வைசர் எலிசபெத் அக்கா பெட்டியோடு என் மேஜைக்கே வந்தார்.

"இன்னா தம்பி, உன் கம்ப்யூட்டருக்கு ரெண்டு காலும் ஒரே பக்கமா?"

மொழிக்கு ஒரு மனு

மானம் போனதில், அந்த மொழியை உருவாக்குகிறவர்களின் இணையக் குழுவில் யோசனை ஒன்று வைத்தேன். 'ஜோடி' என்று புது வசதி வேண்டும். துணையில்லாத ஆப்ஜெக்டை மொழியே மறுக்க வேண்டும். ஷூ, கம்மல், தண்டவாளம் என்று உதாரணங்களை அடுக்கினேன். வேலை முடிந்து காட்பாடி போகும் ரயிலில் தினமும் போனில் அந்தக் குழுவோடு இதே சண்டைதான். எட்டு மாதம் கழித்துக் குழுவின் பெரிய தலை ஒருவர் எழுதினார்.

"உலகத்தில் எல்லோரும் ஷூ செய்வதில்லை. வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."

நானே எழுதிக்கொண்டேன்

ஜோடி சேராத ஷூவுக்கு இனி சீட்டு கிடையாது என்று விதி எழுதினேன். மூன்று வாரம் ஒரு தப்பும் இல்லை. என் நடையே மாறிவிட்டது.

அப்புறம் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகவேண்டிய சாம்பிள் பெட்டி வந்தது. நாலு மணி கூரியரைத் தவறவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு. அக்காவின் ஆட்களுக்கு மூன்று மாத வேலை போச்சு. பெட்டியில் பன்னிரண்டு ஷூ, அத்தனையும் வலது. சாம்பிள் என்றால் ஒற்றைக்கால்தான். பார்க்க ஒரு கால் போதும், தோலும் மிச்சம். ஆறு வருஷமாக அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் டீக்குப் போகிறேன், விதி எழுதும்போது சுத்தமாக மறந்துபோனேன். 'துணை இல்லை' என்று புரோகிராம் அடம்பிடித்தது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜோடி விதியை முழுசாக அழித்தேன். சீட்டு வந்தது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"ஒண்டியா இருக்கிறதும் வேலைக்கு ஆவும் தம்பி, உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லு."

அன்று சாயங்காலம் ரயிலில் போனைத் திறந்தால், 'உங்கள் ஜோடி யோசனை அடுத்த பதிப்பில் சேர்க்கப்படுகிறது, விதிவிலக்கு எதற்கும் இல்லை' என்று, முன்பு மறுத்த அதே குழு மனம் மாறி வாழ்த்து அனுப்பியிருந்தது. அதை எதிர்த்து முதல் மனுவை இப்போது நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.