மூன்றாவது கோலுக்குப் பிறகு

ஆம்பூர் டீக்கடையில் நாங்கள் கூடினால் எழுபத்தெட்டில் வேலூரில் நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தைத்தான் பேசுவோம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த எங்கள் கல்லூரி, கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. மூன்றையும் போட்டவன் தணிகைவேல். அடுத்த வருடமே மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அவன் அண்ணன் கோதண்டபாணி அந்தக் கோல்களைப் பார்க்கவில்லை. அவருக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை நேரத்துக்கு எடுக்காவிட்டால் கெட்டுவிடும். எப்படியும் தோல்விதான் என்று நினைத்து, ஆட்டம் முடியுமுன்பே பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். உடம்பில் அடிக்கும் தோல் வாடைக்குக் கூச்சப்பட்டு, எல்லா ஆட்டத்துக்கும் ஒதுங்கித் தனியாகத்தான் நிற்பார்; அன்று நின்றது மேற்கு மதிலோரம்.

அந்தப் பத்து நிமிடத்தை எங்களிடம் கேட்டுக்கேட்டு அவருக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் நாங்கள் சொன்னதில்லை. பல வருடம் பம்பாயில் இருந்துவிட்டு வந்த ராமமூர்த்திக்கு, நாங்கள் அதை மறைப்பது தெரியாது.

"மூணாவது கோல் போட்டுட்டு மேற்கு மதிலாண்ட ஓடுனானே, அத்த சொல்லுங்கப்பா" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

கோதண்டபாணி டீயைக் கீழே வைத்தார். "அங்க இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. அங்க யாருமே இல்ல. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டான்" என்றான் ராமமூர்த்தி.

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைச் சொல்லச்சொல்லி எங்களை ஒருநாளும் கேட்கவில்லை.