முள் பட்டை

புனே பக்கம், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையைத் தாண்டிக் கிளைச்சாலையில் இறங்கினால் இருபுறமும் கரும்புதான். மும்பையில் கூடும் சட்டசபை முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு டேப்லெட்டில் பதிவது போன வருஷம் என் வேலை. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி, வேலைவாய்ப்பு, மற்றவை. இவற்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

வண்டியைச் சாலையில் விட்டுவிட்டுக் கரும்புக்கு நடுவே நடந்து போன ஒரு வீட்டில், வாசலுக்கு வந்தவளின் கழுத்தில் ஒரு தோல் பட்டை. அதில் வெளிப்பக்கமாக இரும்பு முட்கள். ஆட்டுக்கிடை நாய்களுக்கு மாட்டுகிற அதே பட்டை. சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால், வயலுக்குப் போகிறவர்கள் அங்கே இதைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

என் அரைகுறை மராத்தியில் கேள்வியைப் படித்தேன். அவள் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது இல்லாம வயலுக்குப் போகணும். அதுக்கு என்ன சட்டம் வேணுமோ அதைப் போடச் சொல்லுக்கா."

புனே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளர் கோயம்புத்தூர்க்காரர்.

"மற்றவைன்னு போட்டுட்டு அடுத்த வூட்டுக்குப் போங்க. அதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் 'மற்றவை'யைத்தான் தொட்டேன். வேறு எதைத் தொடுவது?

கிளம்பும்போது அவள் பட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"வண்டி வரைக்கும் கரும்புதான். டிரைவர்கிட்ட திருப்பிக் கொடுத்தனுப்பு. நீ உயிரோட போனாத்தானேக்கா மும்பையில சொல்லுவே?"